அண்ணன் விற்காத பங்குகள்

கும்மிடிப்பூண்டி
17.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுமலதா எழுதுவது. நாங்கள் நலம். பெங்களூரில் நீங்களும் அண்ணியும் சௌக்கியமா? போனில் பேசினால் பர்சன்டேஜ் சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஓனர் விற்கிறார். வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் எங்களைத்தான் கேட்டார். நம் நைனாவின் ஆரம்பாக்கத்து நிலத்தை விற்றபோது, பெண் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நீங்கள், "உன் பாகம் எங்கம்மா போவப் போவுது? என் பேர்ல கீது, அவ்ளோதான்" என்றீர்கள். அந்தப் பணத்தில் நீங்கள் வாங்கிப் போட்டிருக்கும் பங்குகளை விற்று அனுப்புங்கள் அண்ணா. இவருக்கும் ஃபேக்டரியில் பாதி நாள்தான் வேலை.

உங்கள் அன்புத் தங்கை,
சுமலதா


பெங்களூரு
3.3.2025

அன்புத் தங்கை சுமலதாவுக்கு ஆசிகள்.

மாப்பிள்ளையைத் தைரியமாக இருக்கச் சொல். உன் பணத்தில் பாதி டிவிடெண்ட் தரும் கம்பெனிப் பங்குகளில் இருக்கிறது. மீதி பிராப்பர்ட்டி டிரஸ்ட்டில். அவர்கள் இங்கே பெரிய ஆபீஸ் கட்டடங்களை வைத்துக்கொண்டு, வரும் வாடகையை நமக்குப் பிரித்துத் தருகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் உனக்கு அனுப்புவது அதுதான்.

இப்போது மார்க்கெட் விழுந்து கிடக்கிறது. விற்றால் நஷ்டம். பத்து வருஷம் பொறுத்தால் காலத்துக்கும் வருமானம். நைனாவுக்கும் உன்னைப் போலவே அவசரம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அன்பு அண்ணன்,
தணிகைவேல்


கும்மிடிப்பூண்டி
9.6.2025

அண்ணாவுக்கு,

வீடு கைவிட்டுப் போய்விட்டது. சிப்காட் பக்கம் ஒற்றை ரூமுக்கு வந்துவிட்டோம். "இன்னா சுமா, பெங்களூர்ல நம்ப பில்டிங்குக்கு வாடகை வருது, நம்ப இங்க வாடகை குடுத்துகினு கீறோம்" என்று இவர் சிரித்தார். அப்புறம் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அண்ணி போனில் பேசினார். உங்கள் புது ஃபிளாட்டுக்கு மார்ச்சில் பங்குகளை விற்றீர்களாமே. அப்போது மட்டும் மார்க்கெட் எழுந்து நின்றதா? வயிறு எரிகிறது அண்ணா.

சுமலதா


பெங்களூரு
1.9.2025

சுமலதாவுக்கு,

நான் விற்றது என் பாகத்தை. உன்னுடையதை இன்றுவரை தொடவில்லை. என்னைத் திருடனாக்காதே.

ஸ்நேகா பெரியவளானதை அண்ணிக்கு மட்டும் சொல்லியிருக்கிறாய். தாய்மாமன் நான் வந்துதானே சடங்குக் குடிசைக்குப் பச்சை ஓலை கட்ட வேண்டும்? பட்டுப் பாவாடை எடுத்தாகிவிட்டது. தேதியை எழுது.

அண்ணன்


கும்மிடிப்பூண்டி
22.9.2025

அண்ணாவுக்கு,

எல்லாம் ஒரே பேரில் கிடக்கிறது. அதில் எது உங்களுடையது, எது என்னுடையது என்று பிரித்தது யார்? விற்ற அன்றைக்கு நீங்கள்தான் பிரித்தீர்கள்.

சடங்கு போன ஞாயிறே முடிந்துவிட்டது. எங்கள் ரூமில் ஓலை கட்ட இடமில்லை. பக்கத்து வீட்டு பீட்டர் அண்ணன் தன் வாசலை ஒழித்துக் கொடுத்தார். வந்தவர்கள் மாமன் எங்கே என்று கேட்டார்கள். "நான் கீறேன்ல, தட்டக் குடுங்க" என்று பீட்டர் அண்ணனே முன்னால் வந்து சீர்த்தட்டைத் தூக்கினார். ஸ்நேகா அவர் காலில் விழுந்து எழுந்தாள். "மாமா" என்று கூப்பிட நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது, மூன்றாம் தரம் தானாகவே கூப்பிட்டாள்.

நீங்கள் வர வேண்டாம்.

சுமலதா