அவசரம் இல்லாத லாரி

நகரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பரணிக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை தரணி எழுதுவது. எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றும் இல்லை, குவைத் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டால் போதும். போனில் சொன்னால் அழுகைதான் முந்தும், அதனால் லீவு முடிந்து திரும்புகிற சிட்டிபாபு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உட்கார்ந்து படி.

உன் நைனா போனதிலிருந்து நாலு வருஷமாக வேப்பமரத்தடியில் நிற்கிற லாரி, நீ வந்து ஓட்டத் தேறுமா என்று பார்க்கத் திருப்பதியிலிருந்து பழைய வண்டி வியாபாரி இஸ்மாயில் வந்தார். சேசிஸைத் திருப்புளியால் சுரண்டினார், துரு மேலோடு நின்றது. என்ஜினைக் கம்பி போட்டுத் திருப்பினார், சுற்றியது. "உயிர் இருக்குதும்மா, டயரும் பேட்டரியும் போட்டா சித்தூர் மாங்கா லோடு ஏத்தலாம். வாணாம்னா எடைக்குப் போட்டுடலாம், யோசிச்சு சொல்லுங்க" என்று போனார். மறுநாள் போனில், "பண்டி மீக்கு அவசரமா?" என்று கேட்டார். எனக்குத் தெலுங்கு காய்கறி வாங்குகிற அளவுதான். பதிலுக்கு அவசரமா என்கிறார் என்று நினைத்து, அவசரம் இல்லை என்று சொல்லடி என்று தரணியிடம் சொன்னேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை, வண்டி உங்களுக்குத் தேவையா என்றுதான் அவர் கேட்டார் என்று இவளுக்குத் தெரியும். லாரி இல்லாத லாரிக்காரன் வெறும் காரன் என்று உன்னையே கேலி செய்தவள் அல்லவா, என் சொல்லையும் விடுவாளா, "அவசரம் லேதண்ணா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். (சிரித்தேன். எழுதிவிட்டேன். – தரணி) திருத்துவதற்குள் லைன் போய்விட்டது, அவருக்குத் தமிழும் தெரியுமே, புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டாளாம்.

வியாழக்கிழமை நான் தறிக்குப் போயிருந்தேன், இவள் பள்ளிக்கு. மத்தியானம் வந்து பார்த்தால் கேஸ் கட்டரோடு நாலு பேர். கேபின் தரையில் கிடந்தது, சேசிஸை நடுவில் இரண்டாக அறுத்திருந்தார்கள். இஸ்மாயில் தலையில் அடித்துக்கொண்டு, "வண்டி வாணாம்னுதானேம்மா சொன்னீங்க" என்றார். ஒட்டவைக்க முடியாதா என்றேன். "வெல்டிங் வெச்சாலும் ஆர்டிஓ ரோட்ல உட மாட்டாங்கம்மா, இனிமே இது இரும்புதான்" என்றார்.

நீ வேலையை விட்டுவிட்டு வருவதாக இருந்தது அந்த லாரியை நம்பித்தான். ராஜினாமா இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. கொடுத்திருந்தால் உன் மேஸ்திரியிடம் கெஞ்சியாவது திரும்ப வாங்கு. தங்கையைத் திட்டாதே என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூன்று நாளாக அவள் சோற்றில் கை வைக்கவில்லை, அது தெரிந்து திட்டு. காணிப்பாக்கம் பிள்ளையார் உன்கூடவே இருக்கட்டும். மேஸ்திரியிடம் இன்றைக்கே பேசு, மறக்காதே.

இப்படிக்கு,
உன்னை வரவேண்டாம் என்று சொல்கிற அம்மா,
தாட்சாயணி