மூன்று தட்டு

11-2-1983, வெள்ளி

வெள்ளிக்கிழமை, தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு லீவு. அவற்றின் மெஷின்களைப் பழுது பார்க்கும் இவருக்கும் லீவு. லீவென்றால் எனக்கு, இவர் கொல்லையில் கட்டும் குட்டி விமானத்தில் வேலை. வால் பகுதிக்குள் படுத்து, தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணியின் முனையில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கவேண்டும். இவர் வெளியிலிருந்து சுத்தியால் அடிப்பார். முனை சரியாக நசுங்கியதா என்பது உள்ளே இருக்கும் எனக்குத்தான் தெரியும். பேச்சு கேட்காது, அதனால் கட்டையால் தட்டுவேன். ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு, சரி. மூன்று, கெட்டுப்போச்சு, டிரில் போட்டு எடு.

கை மரத்துப்போய்க் கரண்டி பிடிக்க முடியவில்லை. யாருக்கு வந்த விருந்தோ.

18-2-1983

பக்கத்து வீட்டு தில்ஷாத் அக்கா கேட்டார்: "நெஜமா பறக்குமா? யாரு ஓட்டப் போறது?"

"பெங்களூர் விமானக் கம்பெனில இருந்தப்பவே ஓட்டக் கத்துக்கிட்டாராம்க்கா."

"அப்ப கங்காதரண்ணனேவா?"

முடியாத வேலை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு ஆள் உட்காரத்தான் இடம். அந்த ஆள் இவர்.

25-2-1983

நன்றாக உட்கார்ந்த ரிவிட்டுக்கு மூன்று தட்டு தட்டினேன். டிரில் போட்டு எடுத்தார். புதிதாக அடித்தார். அதற்கும் மூன்று. இப்படியே போனால் முடிப்பதற்குள் கிழவராகிவிடுவார். ஆகட்டும். எனக்கு இவர் தரையில் வேண்டும்.

4-3-1983

இன்றும்.

11-3-1983

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இவர் சொன்னார்: "எடுத்து எடுத்து ஓட்டை பெரிசாய்டுச்சி அமிர்தம். வாலைப் புடிக்கிற எடம். இங்க பெலன் கம்மி."

ஐயோ — தடுக்கிறேன் என்று நானே இவரைக் கொல்லப் பார்த்தேனா?

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும். எடுத்துப் பார்த்தா முனை நல்லாத்தான் இருந்துச்சி."

"பின்ன இன்னாத்துக்கு எடுத்தீங்க?"

"உள்ள இருக்கிறது நீ. நீ சரின்னு சொல்லாததை உட்டுட்டு நான் எப்படி ஏறுவேன்?"

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

18-3-1983

அந்தத் தகட்டையே கழற்றிப் போட்டுப் புதுத்தகடு. இனி பொய்த் தட்டு கிடையாது.

20-1-1984, வெள்ளி

இவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் அப்துல்லாபுரத்துப் பழைய ஓடுதளம். விமானம் முடிந்து, பறக்க அனுமதிக் காகிதமெல்லாம் வந்தாயிற்று. உள்ளே ஏறி உட்கார்ந்தவர் இன்ஜினைப் போடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போய் வெளித் தகட்டில் இரண்டு தட்டு தட்டினேன்.