பதினொரு துண்டுகள்

தென்காசி,
3.7.2025

அன்பு ஹைருனுக்கு,

நீ ஷார்ஜா வெயிலில் வதங்கிக்கொண்டிருப்பாய். இங்கே ஐந்து நாளாகச் சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. எங்கள் வீட்டுக்காரர் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும், ஈரப் பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ரோந்து சுற்றுகிறார். குற்றாலத்துக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. உன் வீட்டு முருங்கையில் ஒரு கிளை முறிந்தது. பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி ஆள் வைத்து அப்புறப்படுத்திவிட்டாள். மற்றபடி வீடு பத்திரம்.

மிஸ்ரியாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? மாதக் கடைசியில் பிரசவம் என்று ஹாஜரா சொன்னாள். உன் மகள் விஷயத்தை அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போனில் நான் அனுப்பியதையெல்லாம் நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் குறி காட்டுகிறது, பதில்தான் இல்லை. அதனால் கடிதம். ஹாஜரா மகன் சுஹைப் ஞாயிற்றுக்கிழமை அங்கே புறப்படுகிறான். அவனிடம் இதையும் பிள்ளை விரிப்பையும் கொடுத்தனுப்புகிறேன்.

விரிப்பைப் பார்த்ததும் மூடி வைத்துவிடாதே. இதைப் படித்துவிடு.

இருபத்திரண்டு வருஷமாக நம் இரண்டு வீட்டிலும் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பழந்துணித் துண்டுகளைச் சேர்த்து விரிப்பு தைத்திருக்கிறோம். நீ ஒரு ஓரத்திலிருந்து வருவாய், நான் எதிர் ஓரத்திலிருந்து வருவேன், நடுவில் சந்திக்கும்போது விடிய விடியப் பேசினாலும் தீராத சிரிப்பு. போன வருஷம் சர்க்கரையில் உன் விரல் நுனி மரத்துப்போனபோதுகூட, "கண்ணுக்கு ஊசி தெரியுது சங்கரி, வெரலுக்குத்தான் தெரியல" என்று சொல்லிச் சிரித்தவள் நீ. எனக்கு விரலுக்கு ஒன்றுமில்லை. ஊசிக்காதுதான் கண்ணில் படாது. சனிக்கிழமைதோறும் நீதான் ஒரு டஜன் ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவாய். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுத் தையல்காரி என்று ஹாஜரா கேலி செய்வாள்.

மிஸ்ரியா பிள்ளைக்கான விரிப்பில் உன் பங்கு பதினெட்டுத் துண்டு. கடைசிப் பதினொன்றில் தையல் கோணிக்கொண்டு போனது. ஒரு தையல் அரிசி அளவு, அடுத்தது அவரை விதை அளவு. அவள் புகுந்த வீட்டில் யாரும் உன்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று நினைத்தேன். நீ விசா வேலையாகத் திருநெல்வேலி போயிருந்த இரண்டு நாளில், பதினொன்றையும் பிரித்து நானே தைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை நீ விரிப்பைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாய். உன் இரட்டை முடிச்சுகளைத் தேடியிருக்கிறாய் என்று இப்போது புரிகிறது. அன்றும் டீயைக் குடித்து, ஊசிகளைக் கோத்து வைத்துவிட்டுத்தான் எழுந்து போனாய். நீ பயணம் போன அன்று காலையில் விரிப்பு ஒரு பையில் எங்கள் கேட்டில் தொங்கியது. ஏன் என்று ஹாஜரா கேட்டதற்கு நீ சொன்னதை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள்: "டீச்சர் தச்சது டீச்சர்ட்டயே இருக்கட்டும்."

உனக்குக் கோபம் வந்தால்தான் நான் டீச்சர்.

இவரிடம் சொல்லி அழுதேன். "ஏட்டி, வீட்டுலயும் பேப்பர் திருத்துததுக்கா ரிட்டயர் ஆன?" என்றார். அன்று சாயங்காலம் அவருக்குக் காப்பி கிடையாது. ஆனால் சொன்னது சரிதான்.

உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது, பொறுத்துக்கொள். ஒரு வருஷம் என் ஏழாம் வகுப்பில் மாரித்தாய் என்று ஒரு பிள்ளை, ராணுவத்திலிருந்த அப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். வரிக்கு நாலு பிழை. நானே அதை அழகாக எழுதிக் கொடுத்தேன். பிள்ளை எழுதினது எங்கே என்று அப்பா பதிலில் கேட்டிருந்தாராம். இந்தக் கதையைப் பின்னால் வந்த எத்தனையோ ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அந்தப் பதினொன்றையும் மறுபடி பிரித்தேன். துணியில் உன் ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. அவற்றின் வழியே ஒரு துண்டைத் தைத்துப் பார்த்தேன். கோணலாகத்தான் வந்தது, ஆனால் உன் கையெழுத்தை நான் போட்டது மாதிரி இருந்தது. உருவிவிட்டேன். இப்போது வெள்ளை நூலில் நீளநீளத் தையலாகத் துண்டுகளை நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறேன். நீ தைத்து முடித்ததும் ஒரே இழுப்பில் வந்துவிடும். உன் வீட்டுக்காரர் மூசா அண்ணன் கடைசியாக உடுத்திய கட்டம்போட்ட கைலி, மிஸ்ரியா புலியருவியில் வழுக்கி விழுந்து கிழித்துக்கொண்ட பச்சைப் பாவாடை, இரண்டும் அந்தப் பதினொன்றில்தான் இருக்கின்றன. அவற்றை நான் பிரித்திருக்கவே கூடாது.

பிரசவத்துக்குள் முடியாவிட்டால் அரைகுறை விரிப்பிலேயே பிள்ளையைப் போடு. யாராவது கேட்டால் பழியை என் மேல் போடு.

நீ கடைசியாகக் கோத்து வைத்ததில் ஒரு ஊசிதான் மீதி இருந்தது. அதை விரிப்பின் ஓரத்தில் குத்தியிருக்கிறேன், கவனம். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று சுஹைப் பெரிய பெட்டியில் வைத்துக்கொள்கிறானாம். இங்கே இனி நூல் கோத்த ஊசி இல்லை. இவரைக் கோத்துத் தரச் சொல்லலாம். சொல்லப்போவதில்லை.

தாயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வீடு வரட்டும். நீ தொழும்போது என்னையும் நினைத்துக்கொள். பிள்ளை பிறந்ததும் ஒரு வரி அனுப்பு. சங்கரி என்று தொடங்கினால் போதும்.

உன்,
சங்கரேஸ்வரி