குலுங்காத டப்பா

அக்கா, இன்று ஆஸ்பத்திரியில் புது மாத்திரை டப்பாவைக் கையில் வாங்கியதும் விரல் தானாகப் பஞ்சைத் தேடியது. நீ கற்றுத் தந்த வேலை. உள்ளே பஞ்சை அடைத்துவிட்டால் பையில் குலுங்காது, பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "என் மருமவளுக்குப் பாம்புக் காதுடி" என்பாய். "பாம்புக்கு ஏதுக்கா காது? நாக்குதான் கீது" என்று நான் சொன்னால் முதுகில் ஒன்று வைப்பாய்.

நம் இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. திருப்பதியில் மாத்திரை வரிசையில் நின்றுதான் பழக்கம். டாக்டருக்குப் படித்து முடித்தவர்களே இந்த நோய்க்கென்று மேற்கொண்டு படிக்க அங்கே வருவார்கள், ஃபெல்லோஷிப் என்று பெயர். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதும் அவர்களுக்கு ஒரு பாடம். அதற்காக நாம் நோயாளி வேஷம் போடுவோம். நோயாளிக்கே நோயாளி வேஷம்! மூன்றாம் வகுப்பு தாண்டாத நான் டாக்டர்களுக்கு வாத்தியார். அந்தப் பெருமையை உன் ஒருத்தி காதில்தான் சொல்ல முடிந்தது.

அன்றைக்கு உனக்கு வந்தது, மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொய் சொல்கிறவள் வேஷம். எதிரில் கடப்பாவிலிருந்து வந்த பெண் டாக்டர்.

"மாத்திரை ரோஜூ, தினமும் போடறீங்களாம்மா?"

"போட்டுக்கினுதாம்மா கீறேன்."

அவள் எழுதிக்கொண்டு எழுந்துவிட்டாள். சொல்லித்தரும் பெரிய டாக்டர், "உக்காருங்க, இன்னொரு தடவை கேளுங்க" என்றார். அவள் யோசித்துப் பேனாவை மூடினாள்.

"வீட்ல டப்பாவ எங்கம்மா வைக்கிறீங்க?"

நீ வெகுநேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாய். அப்புறம், "வெக்க எடமில்லம்மா. மருமவ அரிசி டின்னு வரைக்கும் கெளறுறா. தெரிஞ்சா பேரனத் தொட வுடுவாளா? போட்டு ரெண்டு மாசமாச்சு" என்று சொல்லி அழுதாய். எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் தட்டியது நான்தான்.

"யக்கா, இன்னா நடிப்பு! எனக்கும் கொஞ்சம் அழுவ கத்துக்குடு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நீயும் சிரித்தாய். பஸ்ஸில் புத்தூர் திரும்பி வரும்போது வேர்க்கடலைப் பொட்டலத்தை அப்படியே என் மடியில் வைத்தாய். "நீ துன்னலியா?" என்றேன். "நீயே துன்னு." அப்போதாவது கேட்டிருக்கலாம். டாக்டர்கூட இரண்டாவது தடவை கேட்டாள். நான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் டி.பி. வார்டில் உன்னைப் பார்த்தேன். அங்கேயும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னாக்கா, நம்ம புத்தூர்ல எலும்பு கட்றவங்க உன்னப் பார்த்தா தொடாமலே எலும்ப எண்ணிப்புடுவாங்க போல." சிரித்தாய், இருமினாய். பிறகு என் கையை இழுத்து வைத்துக்கொண்டு, "அன்னிக்கி நான் நடிக்கலடி" என்றாய். அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

இன்று புது டாக்டர்கள். உன் வேஷத்தை நானே கேட்டு வாங்கினேன். எதிரில் சித்தூர்க்கார டாக்டர். "போட்டுக்கினுதான் கீறேன் சார்" என்றதும் அவர் ஃபைலை மூடினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "டப்பா வெக்க எடம் கீதான்னு கேளு சார்." நோயாளி அப்படி எடுத்துக் கொடுக்கக் கூடாது, தெரியும். அவர் கேட்டார். எனக்கு ஏது மருமகள்? என் வீட்டில் நான் ஒருத்தி, டப்பா ஜன்னலிலேயே இருக்கும். இருந்தும் உன் பேச்சு அப்படியே என் வாயில் வந்தது, அழுகையும் வந்தது. யாரும் கை தட்டவில்லை. அவர் குனிந்து, "இது நடிப்புதானாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது அவ்வளவுதான் அக்கா.

பஞ்சு வைக்காமலேயே டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பழக்கத்தில் பக்கத்து சீட்டில் பையை வைத்து உனக்கு இடம் பிடித்துவிட்டேன். யாராவது கேட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம், புத்தூர் வரைக்கும், உன் இடத்தில் டப்பா குலுங்கிக்கொண்டே வந்தது.