பெரியம்மாவின் பங்கு

மார்ச் 4

அன்புள்ள தொட்டிக்காரருக்கு,

இங்கே நாங்கள் நலம். கடல்காற்று வாங்கிக்கொண்டிருக்கும் உங்கள் நலத்துக்கு என்ன குறை இருக்கப்போகிறது.

காகிதத்தில் எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் திட்டக் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் நகல் போகிறது. "உன் கணக்குக்குப் பசி எடுத்தால் அதற்கும் நானா தீனி போடுவது" என்று போன மாதம் நீங்கள் எழுதியதை இயக்குநர் வரைக்கும் படித்துச் சிரித்தாகிவிட்டது. போனில் பேசலாம் என்றால் நீங்கள் படகுத்துறையின் முனைக்குப் போய் நின்றால்தான் சிக்னல். பாதி வார்த்தையைக் காற்று கொண்டுபோய்விடுகிறது; மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நாம் சண்டை போடுகிறோம். இனி எண்கள் மின்னஞ்சலில் வரட்டும். சண்டையை நான் வாரப் படகில் அனுப்புகிறேன்.

முதல் சண்டை, தண்ணீரைச் சூடாக்கி வைத்திருக்கிறீர்களே, அந்தச் சூட்டுத் தொட்டியைப் பற்றி. அதிலுள்ள சிங்கி இறால்கள் மற்றத் தொட்டிகளைவிட அதிகம் தின்றிருக்கின்றன, அடிக்கடி ஓடு கழற்றியிருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு முறையும் நீளம் கூடியது நகக்கண் அளவுகூட இல்லை. தின்றதெல்லாம் எங்கே போயிற்று? என் கணினி மாடலில் பெரிய வித்தை எதுவும் கிடையாது, உங்களுக்குத் தெரியும். வந்த தீனியில் முதல் செலவு உயிரோடு இருப்பதற்கு. மிஞ்சியதில் ஒரு பங்கு உடம்புக்கு, ஒரு பங்கு முட்டைக்கு. தண்ணீர் சூடானால் முதல் செலவு கூடும், சரி. இவ்வளவா கூடும்? மிச்சத் தீனியை அடியிலிருந்து வழித்தெடுத்து எடை போடுகிறீர்களா, இல்லை போட்டதெல்லாம் தின்றதாகவே எழுதிவிடுகிறீர்களா?

ஜூனில் மீன்வளத் துறைக் குழு கூடுகிறது. எந்த அளவு சிங்கி இறாலைப் பிடிக்கலாம், எதைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்று என்னைத்தான் கேட்பார்கள். ஓட்டை விழுந்த அட்டவணையோடு போய் நிற்க முடியாது.

ஆறு மாதம் என்று போனீர்கள். இது இரண்டாவது நீட்டிப்பு. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. மகள் கல்லூரியிலிருந்து சனிக்கிழமை வந்து உங்கள் நாற்காலியில் துணி காயப்போட்டிருக்கிறாள்.

உங்கள்
கணக்கம்மா


மார்ச் 15

அன்புள்ள கணக்கம்மாவுக்கு,

மிச்சத் தீனியை எடை போடுகிறேன். தினமும், குனிந்து, முழங்கை வரை கையை விட்டு. போடுவதில்லையோ என்று நீ கேட்டதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

தின்றது எங்கே போயிற்று என்று நான் சொல்கிறேன். நடந்தே தீர்க்கின்றன. சூட்டுத் தொட்டியில் ஒன்றாவது ஒரு இடத்தில் இருப்பதில்லை. ஒன்றின் பொந்தில் இன்னொன்று நுழைவது, முட்டுவது, திரும்ப வருவது. மூச்சு அளக்கிற பெட்டிக்குள் அவற்றை வைத்தால் மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்த மாதிரி அடக்கமாக இருக்கின்றன. அந்த அளவைத்தான் நீ "உயிரோடு இருக்கிற செலவு" என்று மாடலில் போட்டிருக்கிறாய். இரண்டு வாரமாகத் தொட்டி மேல் கேமரா வைத்திருக்கிறேன். அந்த எண்களை அனுப்புகிறேன், சேர்த்துப் பார்.

சந்தோஷமான செய்தி ஒன்று. பெரியம்மா முட்டை வைத்துவிட்டாள். பெரியம்மா யார் என்று கேட்பாய். போன வருடக் கடைசியில் ஒரு படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்த பெரிய பெண். இங்கே எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம். இந்தப் பருமனில் ஒன்று உயிரோடு எந்த ஆய்வகத்துக்கும் வந்ததில்லை. பெரியதெல்லாம் நேரே ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. வாலுக்கடியில் முட்டைக் கொத்தை அவள் தடவித் தடவிச் சுத்தம் செய்வதை நீ ஒரு முறை பார்க்க வேண்டும்.

குழாய்க்கு உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றச் சொல். புதுக் குழாய் வேண்டாம்.

உன்
தொட்டிக்காரன்


மார்ச் 27

அன்புள்ள தொட்டிக்காரருக்கு,

அலைச்சலைச் சேர்த்துப் பார்த்தேன். வரைபடத்தில் என் சூட்டுத் தொட்டிக் கோடு இப்போது உங்கள் புள்ளிகளின் மேல் உட்காருகிறது. நீங்கள் சொன்னது சரி. இதை ஒரு முறைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடுத்தது. பெரியம்மாவை உலர்த்தி எரிக்க வேண்டும்.

கோபப்படாமல் படியுங்கள். என்னிடம் இருப்பதெல்லாம் சின்னதும் நடுத்தரமும்தான். பெரிய பெண்களும் உடம்புக்கும் முட்டைக்கும் அதே விகிதத்தில்தான் பங்கு போடுகின்றன என்று நானாக வைத்துக்கொண்டு கோட்டை இழுத்திருக்கிறேன். அது சரியா தப்பா என்று இந்த உலகத்தில் சொல்லக்கூடியவள் உங்கள் தொட்டியில் இருக்கிறாள். முட்டையில் எவ்வளவு சத்து, அதைக் கொடுத்த பிறகு அவள் உடம்பில் மிச்சம் எவ்வளவு, இரண்டும் வேண்டும். முட்டையை மட்டும் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லாதீர்கள். மிச்சம் தெரியாமல் பங்கு தெரியாது.

குழாய்க்காரர் ரப்பர் வளையம் எல்லாம் கிடைக்காது என்று புதுக் குழாய் மாட்டிவிட்டுப் போனார். அதுவும் ஒழுகுகிறது.

மகள் ஒரு வார்த்தை சொன்னாள். உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, "அம்மா, இறால் இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் என்னதான் பேசுவீங்க?" என்றாள். பாத்திரம் கழுவு என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேட்டது கழுவி முடித்த பிறகும் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தது.

உங்கள்
கணக்கம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள கணக்கம்மாவுக்கு,

முடியாது.

இதுவரை எத்தனையோ உயிரை ஐஸில் வைத்து மரக்கச் செய்து, அடுப்பில் உலர்த்தி, பொடித்து, எரித்து, வந்த வெப்பத்தை உனக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்கும் மறுப்புச் சொன்னதில்லை. இவளுக்குச் சொல்கிறேன். நான் தொட்டிப் பக்கம் போனால் மீசையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறாள். தீனிக்காக வருகிறாள் என்று எனக்கும் தெரியும், விளக்க வேண்டாம்.

முட்டை பொரியட்டும். அதற்குப் பிறகு பார்க்கலாம். உன் குழு ஜூனில் கூடாவிட்டால் ஜூலையில் கூடட்டும். கடல் எங்கேயும் போய்விடாது.

தொட்டிக்காரன்


ஏப்ரல் 20

திட்ட ஆய்வாளர், கடலோர ஆய்வு நிலையம்.

ஐயா,

நேற்று மின்தூக்கியில் இயக்குநர் எனக்கு வாழ்த்துச் சொன்னார். எதற்கு சார் என்று கேட்டேன். "வீட்டுக்காரர் நிலையத்துல நிரந்தரப் பதவிக்கு மனுப் போட்டிருக்காரே. உங்களுக்கும் அங்க மாத்தல் வேணுமான்னு நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றார்.

அவர் முன்னால் சிரித்தேன். நான்காவது மாடிக்குப் போக வேண்டியவள் மூன்றிலேயே இறங்கி, தட்டச்சுப் பிரிவு வாசலில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அங்கிருந்த பெண் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். எனக்குத் தலைசுற்றல் என்று இப்போது கட்டடம் முழுவதும் பேச்சு.

இரண்டு நீட்டிப்புக்கும் தொட்டிதான் காரணம் என்று நம்பி, உங்களுக்காகத் திட்டக் குழுவோடு மல்லுக்கட்டியது நான். ஒரு இறாலைக் கொல்ல முடியாது என்று எழுத உங்களுக்குக் காகிதம் கிடைத்தது. இதை எழுத இடம் போதவில்லையா?

பெரியம்மாவை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாடலிங் பிரிவு


மே 6

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் வந்த படகு திரும்பிப் போகும் முன் பதில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு படகு போய்விட்டது.

முதலில் வேலையைச் சொல்கிறேன், அதுதான் எனக்குச் சுலபம். பெரியம்மாவைத் தொட்டியிலிருந்து எடுத்து ஐஸில் வைத்துவிட்டேன். உன் கோபத்துக்குப் பயந்து அல்ல. நீ சொன்னது சரி என்பதால். முட்டை பொரிந்த பிறகு என்றால் அந்தக் கணக்கு என்றைக்கும் கிடைக்காது என்று எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். முட்டைக் கொத்தைத் தனியாகப் பிரித்து எடை போட்டேன். ஒரு பகுதியை எரித்தேன். மீதியைக் காற்றுக் குழாய் போட்டுக் குடுவையில் வைத்துப் பார்த்தேன், ஏதாவது பொரியாதா என்று. பூஞ்சை பிடித்துவிட்டது.

எண்கள் மின்னஞ்சலில் இருக்கின்றன. பார்த்தால் என்னைத்தான் முதலில் திட்டுவாய், அளவு தப்பு என்று. மூன்று முறை செய்தேன், அதேதான் வருகிறது. அவள் ஈரலில் சேமிப்பு என்று எதுவுமே இல்லை. உன் மாடல் அவள் உடம்புக்கு என்று ஒதுக்கிய பங்கையும் சேர்த்து முட்டைக்குப் போட்டிருக்கிறாள். பத்து நடுத்தரப் பெண்கள் சேர்ந்து வைக்கிற முட்டையைவிட அவளுடையது அதிகம். பெரிதைப் பிடிக்கலாம், சிறிதை விடு என்கிற சட்டமே தலைகீழோ என்று தோன்றுகிறது.

இனி மனு.

உன்னிடம் சொல்லாதது தப்பு. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே பதில் தேட வேண்டியிருந்தது. வீட்டில் நான் உனக்கு எண் கொண்டுவருகிற ஆள் ஆகிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் மாடல், படுக்கப் போகும்போது மாடல். ஒரு நாள் எனக்குக் காது வலிக்கிறது என்றேன். நீ நிமிராமலே "எந்தத் தொட்டியில?" என்று கேட்டாய். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. இங்கே காலையில் எழுந்தால் என்னை எதிர்பார்த்து நாலு தொட்டி இருக்கிறது. அது ஒரு சுகம். உன்னை விட்டுப் போக வேண்டும் என்று நினைத்து மனுப் போடவில்லை. போட்ட பிறகுதான் அப்படியும் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று தெரிந்தது.

நீ ஒரு வார்த்தை எழுதினால் வாபஸ் வாங்கிவிடுகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

உன்
தொட்டிக்காரன்


ஜூன் 12

அன்புள்ள தொட்டிக்காரருக்கு,

உங்கள் எண்களைப் பார்த்ததும் அளவு தப்பு என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் அந்த எண்களோடு முட்டிக்கொண்டு, கடைசியில் பெரிய பெண்களுக்குப் பங்கை மாற்றிப் போட்டு மாடலை ஓட்டினேன். இயக்குநர் பழைய கோட்டையே குழுவில் வைத்துவிடச் சொன்னார். ஒரே ஒரு இறாலை நம்பி இத்தனை வருட வேலையைத் தப்பு என்று சொல்லுவார்களா என்றார். எனக்கும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் இருந்தது.

நேற்று குழு கூடியது. பழைய கோடு பெரிய பெண்களுக்குப் பொருந்தாது, பெரிய அளவுக்கும் ஒரு வரம்பு வேண்டும், அதற்கு மேல் உள்ளதைக் கடலில் விட வேண்டும் என்று சொன்னேன். ஏற்றுமதியாளர் சங்கத்துக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏம்மா, ஒரே ஒரு இறாலை எரிச்சுப் பாத்துட்டு எங்க தொழிலை மூடச் சொல்றீங்களா?"

"ஆமா சார், ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீங்க வித்துட்டீங்க" என்றேன்.

நான் அதைத் துடுக்காகச் சொல்லவில்லை. எனக்கு அப்போது அவள் மீசையைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் கண்ணில் நின்றது, நான் பார்த்ததே இல்லை என்றாலும்.

வரம்பு கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதுவரை முட்டையோடு சிக்கும் பெரிய பெண்களில் சிலவற்றைப் படகுகள் உயிரோடு நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். மற்றதைக் கடலிலேயே விட வேண்டும். அளந்துவிட்டு அடுத்த ஜூனில் வா என்றார் தலைவர். தொட்டி வேலையை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டார். பதவிப் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், "எங்க வீட்டுக்காரர்" என்று வந்துவிட்டது. சங்கத்துக்காரர்கூடச் சிரித்தார்.

ஆகவே வாபஸ் வாங்க வேண்டாம். உங்களைக் கேட்காமல் உங்களுக்கு ஒரு வருட வேலை வாங்கிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் என்னைக் கேட்கவில்லை. இத்தோடு சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் கோபம் பாக்கி இருந்தாலும்.

காது வலி எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதை நினைத்து உங்கள்மேல் ஆத்திரப்பட்டேன், பிறகு என்மேல். மகளிடம் சொன்னேன். அவள், "இதெல்லாம் எங்கிட்ட ஏம்மா சொல்ற? அப்பாகிட்ட போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, எனக்கு விடுமுறை மனு எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். மாற்றல் கேட்கவில்லை. என் வேலை இங்கே இருக்கிறது, அதை விட மாட்டேன். மாதத்தில் சில நாள் வருவேன், சில மாதம் நீங்கள் வாருங்கள். இது எப்படிப் போகும் என்று எனக்கு எந்தக் கோடும் இழுக்கத் தெரியவில்லை.

வரும் வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன். தொட்டிகளை வாசலில் நின்று பார்த்தால் போதும். தலைமை அலுவலகத்திலிருந்து வழக்கம்போல உங்கள் நிலையத்துக்குக் குறிப்பு அனுப்பியிருக்கிறார்கள், வருகிற ஆய்வாளருக்கு விருந்தினர் அறை ஒதுக்கச் சொல்லி. அதை மட்டும் ரத்து செய்துவிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி