வீட்டுக்கு அனுப்பிய இறால்

அருள்புரம்
11.2.2025

அன்புள்ள ராஜா அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். மூன்று நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. அதனால் நீங்கள் அனுப்பிய இறால் வந்த பெட்டியிலேயே இதை வைத்து வேதாரண்யம் பஸ்ஸில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

அந்த இறாலை உரிக்கும்போது தலைக்கொம்பு வலது கட்டைவிரலில் குத்திவிட்டது. மணிக்கட்டு வரை வீக்கம். இரண்டு மருந்து மாற்றியும் கேட்கவில்லை. சீழைச் சோதனைக்கு அனுப்பிய டாக்டரம்மா, "ஏனுங்க, உங்கண்ணன் இறால் குளத்துல என்ன மருந்து போட்டாருங்க? அதுக்குப் பழகுன கிருமின்னா இங்கயும் அது வேலைக்காகாதுங்க" என்றார். எங்கள் அண்ணன் மருந்தே போடமாட்டார் என்று சண்டை பிடித்துவிட்டு வந்தேன்.

விரல் போனால் தையல் மெஷினில் எனக்கு என்ன வேலை? கோபப்பட மாட்டேன். உண்மையை எழுதுங்கள்.

வழக்கம்போல எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கழித்த பனியன் நாலு வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறைதான்.

தங்கை
நசீமா

வேதாரண்யம்
12.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் மகள் மஹ்னூர் அனுப்பிய உன் விரல் போட்டோவைப் பார்த்த பயத்தில்தான் போனை எடுக்கவில்லை.

ஏற்றுமதிக் குளத்தில் நான் மருந்து போடுவதில்லை. சோதனையில் மாட்டினால் மொத்தமும் திரும்பி வந்துவிடும். சின்னக் குளத்தில் நோய் வந்தது. தீவனத்தில் இரண்டு வகை மாத்திரையைக் கலந்தேன். உனக்கு வந்தது அந்த இறால். நீ கழித்த பனியன் அனுப்புவாயே, அதுபோல வீட்டுக்குத்தானே என்று நினைத்துவிட்டேன்.

மாத்திரை அட்டைகள் இதோடு இருக்கின்றன. மஹ்னூருக்குப் போட்டோவும் அனுப்பிவிட்டேன். உடனே டாக்டரம்மாவிடம் காட்டு. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

அண்ணன்
ராஜா முகமது

அருள்புரம்
27.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அல்ஹம்துலில்லாஹ், விரல் பிழைத்தது! மாத்திரை அட்டைப் போட்டோவைப் பார்த்ததுமே அந்த இரண்டு வகையையும் விட்டுவிட்டு டாக்டரம்மா வேறு ஊசி போட்டார். அந்த இரண்டும் இந்தக் கிருமியிடம் வேலைக்காகாது என்றே பிறகு வந்த சோதனை முடிவும் சொன்னது. நேற்று மெஷினில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் பூவாத்தாள் அக்கா, "மெதுவா ஓட்டு கண்ணு" என்றதும் அழுதுவிட்டேன்.

கோபப்பட மாட்டேன் என்று எழுதியது பொய். ஒரு வாரம் உங்களை வாய் வலிக்கத் திட்டினேன். சின்னக் குளத்தில் இனி அந்த மாத்திரை வேண்டாம். அந்த இறாலைத் தின்பவர்களுக்கும் விரல் இருக்கிறது.

பெட்டியில் ஒரே ஒரு பனியன் இருக்கிறது. கறை கிடையாது, கப்பலுக்குப் போகிற தரம். என் வலது கையால் தைத்தது. இத்தனை வருடம் அண்ணனுக்குக் கழிசலையே அனுப்பியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது.

போட்டுப் பார்த்துவிட்டுப் போன் பண்ணுங்கள். நான் எடுப்பேன்.

தங்கை
நசீமா