சக்கரக் கட்டை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அதாவது எல்லோருக்கும் நேரத்துக்குப் பசிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், உன் இருமல் விட்டதா? இந்த வீட்டை விற்றுவிட்டு அண்ணனோடு கடற்கரை ஊருக்குப் போக அம்மாவுக்கு என்ன தயக்கம் என்று கேட்டிருந்தாய். போய்ப் பார்த்துவிட்டே எழுதலாம் என்றுதான் தாமதித்தேன். சும்மா ஊரைச் சுத்திட்டு வரலாம்மா என்றுதான் உன் அண்ணன் கூப்பிட்டான். சும்மா சுற்றப் போகிற ஊருக்கு என் தையல் மெஷினும் துணி அலமாரியும் எதற்கு என்று தெரியவில்லை, அவற்றை ஏற்ற வேனுக்குப் பின்னால் ஒரு டிரெய்லரையும் மாட்டிவிட்டான். அங்க இடம் பத்துதான்னு பாக்கத்தான்மா என்றான்.

அவன் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி அல்லவா, வண்டி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு பட்டியல் படிக்கப்படும். கொக்கி, சங்கிலி, பின்விளக்கு என்று பன்னிரண்டு வரி. அண்ணி உரக்கப் படிப்பாள், அந்தந்த வேலைக்கு உரியவர் சரி என்று சொல்ல வேண்டும். ஏழாவது வரி நான். டிரெய்லர் உருளாமல் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைப்பதும் கிளம்பும்போது எடுப்பதும் என் பொறுப்பு. பாதி வழியில் பெட்ரோல் பங்கில் நின்றோம். கட்டையை எடுத்தேன், சரி என்றேன். கையெல்லாம் சேறு, இன்னும் ஐந்து வரி இருக்கிறதே என்று பின்னால் குழாயடிக்குப் போய்க் கட்டையையும் கழுவிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டும் சரியாகி வண்டி போய்விட்டிருந்தது. பட்டியலில் மனிதர்களுக்கு வரி கிடையாது.

போன் என் பையோடு போய்விட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன் பழைய நம்பர் ஒன்றுதான். பங்கில் பில் போடும் பெண் அதற்குப் போட்டுக் கொடுத்தாள், யாரோ ஒருவர் ராங் நம்பர்மா என்று மரியாதையாகவே சொன்னார். பஞ்சர் கடைக்காரர் ஸ்டூல் போட்டு, கட்டை விக்க வந்தீங்களா பெரியம்மா என்று விசாரித்தார். இல்லப்பா, என்னைத்தான் இங்க வச்சிட்டுப் போயிருக்காங்க என்றேன். சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

வண்டியில் நடந்ததை அண்ணி பெருமையாகவே சொன்னாள். கடைசி சீட்டில் தலையணைக் குவியல்மேல் என் சால்வை கிடந்ததாம். அத்தை தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க என்று இரண்டு மணி நேரம் பாட்டுகூடப் போடவில்லையாம். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது. உன் அப்பா முன் சீட்டில் வழி சொல்லிக்கொண்டிருந்தார், அவர் எப்போது பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறார்? நடுவில் உன் அண்ணன், வீட்டை வித்துடலாம்ல, உனக்குச் சம்மதம்தானேம்மா என்று கேட்டிருக்கிறான். தலையணை மறுக்கவில்லை. உடனே ஓடுகிற வண்டியிலேயே அண்ணியைப் போனைப் பிடிக்கச் சொல்லி, அம்மா ஒத்துக்கிட்டாங்க, ஆளைப் பேசி முடிங்க என்று தரகருக்குப் போன் செய்துவிட்டான்.

அங்கே போய்க் கொக்கியைக் கழற்ற வேண்டும், கட்டையைக் காணோம். சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடியிருக்கிறார்கள். அம்மாகிட்டதான இருக்கும் என்று யாரோ சொல்லித்தான் சால்வையைத் தூக்கியிருக்கிறார்கள். கட்டையைத் தேடியதில் நான் கிடைத்தேன், அதாவது கிடைக்கவில்லை. நாலரை மணி நேரம் கழித்து வந்து இறங்கியவன் முதலில் கேட்டது, கட்டை பத்திரமா இருக்கா. அப்புறம் அழுதான், அதையும் எழுதிவிட வேண்டும். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் மறுநாளே பதிமூன்றாவது வரியாக அம்மா என்று சேர்த்துக் காட்டினான், ஸ்டெப்னிக்கு அடுத்து. இனிமே உன்னை விட்டுட்டுப் போகவே முடியாதும்மா என்றான்.

முந்தாநாள் விற்பனைப் பத்திரத்தோடு வந்தான். சம்மதம் சொன்னவர்களிடமே கையெழுத்தும் வாங்கிக்கொள்ளச் சொல்லித் தலையணையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளாக அவன் என்னோடு பேசவில்லை. உன்னிடம் பேசுவான், அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்பான், ஆமாம் என்று சொல். உன் அப்பா விரும்பினால் போகட்டும், முன் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது. அங்கே இறக்கிவைத்த தையல் மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். வெந்நீரே குடி. உன் புது நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, மனப்பாடம் செய்ய வேண்டும். கட்டையை மட்டும் அண்ணியை விட்டுத் திருப்பிக் கேட்டான், கொடுக்கவில்லை. வாசல் கதவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அசையாமல் நிற்கிறது.

இப்படிக்கு,
ஏழாவது வரியிலிருந்து,
உன் அம்மா